மூன்றாம் வார்டில் காலிக் கட்டம் இல்லை

மார்ச் 3

பொடிசின் ஆபீஸில் பெரியவராக இருக்கும் அய்யாவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. போன ஆண்டு உங்கள் குழுவில் சேர்ந்தாளே, ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, கேட்ட கேள்விக்கு எதிர்க்கேள்வி கேட்பாளே, அவளுடைய பாட்டி நான். வீட்டில் அவளுக்குப் பொடிசு என்று பெயர். ஆபீஸில் யாரும் அப்படிக் கூப்பிட வேண்டாம், அந்த உரிமை எனக்கு மட்டும்தான். அவளுடைய வேலை உத்தரவு வந்த கவரிலிருந்து உங்கள் விலாசத்தை எடுத்தேன்.

நான் ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை போனில் பொடிசு சரியாகப் பேசவில்லை. தோண்டித் துருவிக் கேட்டேன். எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நீங்கள் ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்து கொடுக்கிறீர்களாம். நோயாளியின் எடையையும் ரத்தப் பரிசோதனையையும் வைத்து, மருந்து எவ்வளவு ஏற்றலாம் என்று அது சொல்லுமாம். அந்தப் பகுதியை எழுதியவள் பொடிசு. எடை தெரியாவிட்டால் அறுபது கிலோ என்று வைத்துக்கொள்ளச் சொன்னீர்களாம். அவள் மாட்டேன் என்றாளாம். அதனால் ஏப்ரல் ஐந்தாம் தேதி அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று யோசிக்கிறீர்களாம்.

"நீ என்னடி சொன்னே?" என்று கேட்டேன்.

"இல்லாததை இருக்குன்னு சொல்ற புரோகிராமை நான் எழுத மாட்டேன், வேணும்னா நீங்களே எழுதிக்கோங்கன்னு சொல்லிட்டேன் பாட்டி."

"எல்லார் முன்னாடியுமா?"

"ஆஸ்பத்திரிக்காரங்களும் இருந்தாங்க."

வாய் கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். அது என் பக்கத்திலிருந்து போனது. ஆனால் அவள் சொன்னதில் என்ன தப்பு? அந்த ஆஸ்பத்திரியில் நான் இருபத்தேழு வருஷம் வார்டு ஆயாவாக இருந்தவள். முப்பத்தைந்து கிலோவிலும் ஆள் பார்த்திருக்கிறேன், நூற்றுப்பத்திலும் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் அறுபது என்றால் அது எந்த ஊர் நியாயம்?

நான் எழுதியது அவளுக்குத் தெரியக் கூடாது. போன் செய்யாதீர்கள். இந்தப் போனை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான். யார் பேசினார்கள் என்று எடுத்துப் பார்த்துவிடுவாள். கடிதம் போடுங்கள்.

இப்படிக்கு,
பொடிசின் பாட்டி


மார்ச் 9

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பதினெட்டு வருட வேலையில் ஒருவருடைய பாட்டியிடமிருந்து எனக்கு வந்த முதல் கடிதம் இது. பதில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் பேத்தி கெட்டிக்காரி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. நாங்கள் ஃபங்ஷனல் புரோகிராமிங் என்ற முறையில் எழுதுகிறோம். ஒரு விவரம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றால் அதை மறைக்காமல் முன்கூட்டியே அறிவித்துவிடுவது இந்த முறையின் வழக்கம். அப்படிப்பட்ட விவரத்துக்கு ஆப்ஷன் என்று பெயர். 'எடை 52' என்பது ஒரு பதில். 'எடை இல்லை' என்பதும் ஒரு பதில். இரண்டையும் எதிர்பார்த்துத்தான் எழுதியாக வேண்டும்.

இப்படிப்பட்டவை ஒன்றுக்கு மேல் வந்து, அவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கும்போதுதான் சிக்கல். நோயாளியின் வீட்டுக்கு இரண்டு போன் நம்பர் கேட்கிறோம், ஒன்று இருந்தாலும் போதும். மருந்து அளவு அப்படியல்ல. எடையும் வேண்டும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். உங்கள் பேத்தி இதை மோனாட் என்ற முறையில் கோத்திருக்கிறார். முதலில் எடையைக் கேட்கும். இருந்தால் அதை எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போய்ப் பரிசோதனையைக் கேட்கும். அதுவும் இருந்தால் மருந்தின் அளவைச் சொல்லும். எந்தப் படியில் 'இல்லை' வந்தாலும் அதற்கு மேல் எதுவும் நடக்காது. கடைசிப் பதிலும் 'இல்லை'தான். சுத்தமான எழுத்து. புதிதாக வருகிறவர்களுக்கு நானே அதைக் காட்டுகிறேன்.

ஆனால் வார்டில் நர்ஸ் பார்ப்பது எங்கள் எழுத்தை அல்ல, 'இல்லை' என்பதற்குத் திரையில் வரும் வெறும் கோட்டை. எடை இல்லையா, பரிசோதனை இல்லையா, கம்ப்யூட்டரே கெட்டுவிட்டதா என்று அவருக்குத் தெரியாது. சோதனைக்கு எடுத்த ஐந்து வார்டுகளில் பத்துக்கு மூன்று பேருக்குக் கோடுதான் வருகிறது. "இதுக்கு எங்க பழைய நோட்டே தேவலை சார்" என்று தலைமை நர்ஸ் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஆஸ்பத்திரி எங்களை வேண்டாம் என்றுவிட்டால் என் குழுவில் ஒன்பது பேருக்கு வேலை இல்லை. அறுபது கிலோ ஒரு தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னேன். அது நல்ல ஏற்பாடு என்று நானும் நினைக்கவில்லை. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டபோது உங்கள் பேத்தி சொன்ன பதில்தான் உங்களுக்கே தெரியுமே.

ஏப்ரல் ஐந்துக்குள் கோடுகள் குறைந்தாக வேண்டும். அதற்கு அவர் வழி கண்டுபிடித்தால் இங்கே இருப்பார். இதில் எனக்குச் சொந்தக் கோபம் எதுவும் இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
குழுத் தலைவர்


மார்ச் 14

தம்பிக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்தால் என் மகன் வயசு இருக்கும் என்று தோன்றியது. தப்பாக இருந்தால் அய்யா என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மோனாட் என்ற பேரைக் கேட்டால் காய்ச்சல் மாத்திரை மாதிரி இருக்கிறது. ஆனால் விஷயம் எனக்கு நன்றாகவே விளங்கிவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியிலும் அதுதானே நடக்கிறது? முதல் ஜன்னலில் சீட்டு வாங்கினால்தான் இரண்டாவது ஜன்னலில் ரத்தம் எடுப்பார்கள். ரத்தச் சீட்டைக் காட்டினால்தான் மூன்றாவது ஜன்னலில் மருந்து. முதல் ஜன்னலில் இல்லை என்றுவிட்டால் மற்ற இரண்டிலும் போய்த் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒன்றும் கிடைக்காது. இதைப் படிக்கவா பொடிசு நாலு வருஷம் ஹாஸ்டலில் கிடந்தாள்?

அப்படியானால் தப்பு அவளுடைய எழுத்தில் இல்லை. கேஸ் ஷீட்டில் எடைக் கட்டத்தைக் காலியாக விடுகிறார்களே, அவர்கள் தப்பு. ஆண்கள் பிரிவு மூன்றாம் வார்டை எடுத்துப் பாருங்கள். அது என் வார்டு. நான் இருந்தவரை அங்கே ஒரு கட்டம் காலியாக இருந்தது கிடையாது. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது மற்ற வார்டு ஆயாக்கள் கதவுக்குப் பின்னால் ஒளிவார்கள். நான் கட்டில் பக்கத்திலேயே நிற்பேன். நான் ஓய்வு பெற்ற அன்று பெரிய டாக்டர் எல்லாரையும் கூட்டிவைத்து, "இந்தம்மா எழுதின கேஸ் ஷீட்டைக் கண்ண மூடிக்கிட்டுப் படிக்கலாம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் படிப்பது என்று யாரும் கேட்கவில்லை, எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குப் பிறகு வந்த சின்னவளையும் நான்தான் பழக்கினேன்.

எடையை எழுதாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது என்று உங்கள் கம்ப்யூட்டரில் செய்துவிடுங்களேன். கோடு எப்படி வருகிறது பார்க்கலாம்.

பொடிசின் பாட்டி


மார்ச் 20

அம்மா அவர்களுக்கு,

தம்பி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தாறு ஆகிறது.

உங்கள் கடிதம் வந்த அன்றே ஐந்து வார்டுகளின் விவரத்தையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது உண்மை. மூன்றாம் வார்டில் நூற்றுப் பதினெட்டு நோயாளிகள், நூற்றுப் பதினெட்டு எடை. ஒரு காலி இல்லை. மற்ற நான்கு வார்டுகளில்தான் எல்லாக் கோடும்.

இதை ஆஸ்பத்திரிக்காரர்களிடம் காட்டினேன். எடைக் கட்டத்தைக் கட்டாயமாக்கச் சம்மதித்தார்கள். மூன்றாம் வார்டைப் பார்த்து மற்ற வார்டுகள் பழகிக்கொள்ளட்டும் என்று உத்தரவும் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நேற்று ஐந்து வார்டிலும் கோடுகள் இரண்டே இரண்டு, அதுவும் பரிசோதனை வரத் தாமதமானதால்.

உங்கள் பேத்திக்கு இதில் முழுச் சம்மதம். அறுபதைத் திணிக்க வேண்டியதில்லை, அவர் எழுதியது எழுதியபடியே இருக்கிறது. "சார், இது யாரோட ஐடியா?" என்று கேட்டார். நீங்கள் கேட்டுக்கொண்டபடி வாயைத் திறக்கவில்லை. அவரை நிரந்தரமாக்கும் கடிதத்தை அடித்து வைத்துவிட்டேன். ஐந்தாம் தேதி கையெழுத்து.

நன்றியுடன்,
குழுத் தலைவர்


மார்ச் 24

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம். பொடிசு நேற்றுப் பேசும்போது சிரித்துச் சிரித்துப் பேசினாள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்தக் கட்டத்தில் எழுதும் எடை சரியா தப்பா என்று கம்ப்யூட்டர் பார்க்குமா? நாலு வார்டுக்கும் மூன்றாம் வார்டைப் பார்த்துத்தான் பழக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களா, இல்லை சும்மா பேச்சுக்குச் சொன்னதா?

வேறு ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

பொடிசின் பாட்டி


மார்ச் 27

அம்மா அவர்களுக்கு,

நானூறு கிலோ என்று எழுதினால் மறுக்கும். நாற்பதா அறுபதா என்பது அதற்குத் தெரியாது. எடை இருக்கிறதா என்று கேட்கும், இருந்தால் அதை நம்பி அடுத்த படிக்குப் போகும். கோத்த சரத்தில் ஒவ்வொரு படியும் முந்தைய படியை நம்பித்தான் இருக்கிறது.

உத்தரவு எழுத்து மூலமாகவே போயிருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள்?

குழுத் தலைவர்


மார்ச் 30

தம்பிக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். ஐந்தாம் தேதிக்கு முன்னால் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

மூன்றாம் வார்டில் எழுந்து நிற்க முடிந்தவர்களைத் தராசில் ஏற்றி எடை எடுப்போம். படுத்த படுக்கையாக இருப்பவர்களை எப்படி நிறுத்துவது? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர்களுக்குக் காலியாகத்தான் விட்டேன். "கட்டம் காலியா இருந்தா டாக்டர் என்னைத்தான் பிடுங்குவார், எதையாவது போடு" என்று அப்போதிருந்த நர்ஸ் சொன்னார். ஆளைப் பார்ப்பேன், மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பேன், ஒரு எடை போடுவேன். பிறகு அதுவே பழகிவிட்டது. இருபத்தேழு வருஷம்.

அது எனக்குப் பொய்யாகவே படவில்லை தம்பி. என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய டாக்டர் பாராட்டியபோதும் அதற்குத்தான் பாராட்டுகிறார் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் டாக்டர் ஆளையும் பார்ப்பார், ஷீட்டையும் பார்ப்பார், தன் மனசில் படுவதை எழுதுவார். என்னுடைய எண்ணை யார் நம்பினார்கள் என்று எனக்கே தெரியாது. இப்போது உங்கள் சரம் நம்புகிறது.

உங்கள் கடிதம் வந்ததும் வார்டுக்குப் போனேன். சின்னவள் ஏழாம் கட்டிலில் இருந்தவருக்கு அன்றைய எடையை எழுதிக்கொண்டிருந்தாள்.

"தராசு எங்கடி?"

"தராசு எதுக்குக்கா? நீங்க சொல்லிக் குடுத்த கண்ணளவுதான். இந்தப் புது மிஷின் எடை போடாம அடுத்த பக்கம் விடமாட்டேங்குது. மத்த வார்டுக்காரிங்க எல்லாம் என்கிட்டதான் வந்து கத்துக்கறாங்க."

"எத்தனை வார்டு?"

"நாலும்தான். உங்க பேரைச் சொல்லித்தான் சொல்லிக் குடுக்கறேன்."

அவருக்கு எவ்வளவு போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். அறுபது என்றாள். எனக்கும் அறுபது என்றுதான் பட்டது. முகத்தில் நீர் கோத்து உப்பியிருந்தது. போர்வைக்குள் கால் குச்சியாக இருப்பது யாருக்குத் தெரியும்? அவரை வீல் சேரில் உட்காரவைத்து, ஸ்டோர் ரூமில் மூட்டை நிறுக்கும் தராசுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். சின்னவள் வழியெல்லாம் முணுமுணுத்தாள். வண்டியோடு அறுபத்து மூன்று. வண்டி மட்டும் பத்தொன்பது. ஆள் நாற்பத்து நாலு.

திரும்பி வரும்போது அவருடைய மகள் கேட்டாள்: "ரெண்டு நாளா அப்பாவுக்குக் காதுக்குள்ள ஏதோ இரையுதுங்கறார். அது எதனாலம்மா?"

கம்ப்யூட்டர் அளவு சொல்லி அவருக்கு ஏறும் அந்த மருந்து கூடினால் காதைக் கெடுக்கும் என்று நர்ஸ்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் என்று எனக்குத் தெரியாது. அதனால் இல்லை என்றும் தெரியாது. நேராக டூட்டி டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸை நிறுத்தினார்.

கட்டத்தைக் கட்டாயமாக்கச் சொன்னவள் நான். ஐந்து வார்டுக்கும் என் கண்ணளவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என் கடிதம். இதைச் சொன்னால் பொடிசின் வேலைக்கு என்ன ஆகும் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். உங்களிடம் மறைப்பானேன், பேசாமல் இருந்துவிடலாமா என்றுதான் யோசித்தேன். அவள் சிரித்த சிரிப்பு காதிலேயே இருக்கிறது. ஆனாலும் இல்லாததை இருக்கிறது என்று சொல்ல மாட்டேன் என்று உங்கள் எல்லார் முன்னாலும் சொன்னவள் அவள். அவளுடைய எழுத்துக்குள் இல்லாததை எல்லாம் நிரப்பி வைத்தவள் நான்.

முடிந்தால் அவள்மேல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் நான் என்ன சொல்ல.

பொடிசின் பாட்டி


ஏப்ரல் 6

அம்மா,

உங்கள் கடிதம் முதல் தேதி வந்தது. அன்றே மூன்றாம் வார்டு எடைகளைத் திரும்ப எடுத்தேன். நூற்றுப் பதினெட்டில் எண்பத்தொரு எடை பூஜ்யத்திலோ ஐந்திலோ முடிகிறது. அறுபது, ஐம்பத்தைந்து, எழுபது. தராசு அப்படிக் காட்டாது. முன்பே என் கண் முன்னால்தான் இருந்தது. காலி இல்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, எடை எப்படி எடுத்தது என்று கேட்காமல் எந்த அளவையும் நம்ப வேண்டாம் என்று சொல்லி, அந்த மருந்துக்கான பகுதியை நிறுத்திவைத்தேன். பிறகு உங்கள் பேத்தியைக் கூப்பிட்டேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அதற்குப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. உங்கள் கடிதங்களை எல்லாம் மேசையில் வைத்துவிட்டேன். நின்றுகொண்டே படித்தார். கடைசியில், "மூணாம் வார்டா?" என்று மட்டும் கேட்டார். பிறகு அந்த எண்பத்தொன்றின் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று நாளில் திரும்ப எழுதிவிட்டார். கட்டாயம் போய்விட்டது. எடை இப்போது மூன்று விதம்: தராசில் எடுத்தது, கண்ணால் கணித்தது, இல்லாதது. கணித்தது அந்த மருந்தின் படியைத் தாண்டாது. எந்தப் படியில் நின்றாலும் ஏன் நின்றது என்ற காரணத்தையும் சேர்த்தே கொண்டுவரும். கோட்டுக்குப் பதில் "படுக்கையில் இருப்பவர், தராசில் எடை எடுக்கவும்" என்று திரையில் வருகிறது. தலைமை நர்ஸ் இன்று பார்த்தார். "இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே" என்றார். செய்திருக்கலாம். காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. இருவருக்கும் அறுபதைப் பற்றிச் சண்டை போடவே நேரம் சரியாக இருந்தது.

நேற்றுக் கையெழுத்து ஆகவில்லை. மேலிடம் மூன்று மாதம் தள்ளிவைத்திருக்கிறது. கட்டாயக் கட்டம் என் முடிவு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், அதனால் என் பதவி உயர்வும் அதே மூன்று மாதம். அவர் வேலை போகவில்லை. அதற்கு மேல் இன்று என்னால் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரி உங்களிடம் எழுத்து மூலம் வாக்குமூலம் கேட்கும். போக வேண்டாம் என்று தோன்றினால் போக வேண்டாம். உங்களைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை.

குழுத் தலைவர்


ஏப்ரல் 17

தம்பிக்கு,

போனேன். ஆபீஸ் அறையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வேலை பார்த்த வருஷம், என்ன நடந்தது எல்லாம் என் கையாலேயே எழுதினேன். எத்தனை நோயாளிகளுக்கு இப்படி எழுதினீர்கள் என்று கடைசியில் ஒரு கட்டம்.

"ஒரு நம்பர் போடுங்கம்மா, காலியா விட்டா மேல எடுத்துக்க மாட்டாங்க" என்றார் கிளார்க்.

"எனக்குத் தெரியாதேப்பா."

"தோராயமா ஒண்ணு போடுங்க."

"தோராயம் போட்டதுக்குத்தானேப்பா வந்திருக்கேன்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, 'தெரியவில்லை' என்று அவரே எழுதிக்கொண்டார்.

சின்னவள் என்னோடு பேசுவதில்லை. பழைய ஆளுங்க பேச்சைக் கேட்டதுக்கு எனக்கு மெமோ என்று வார்டெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வது சரிதான். ஏழாம் கட்டில்காரருக்கு இரைச்சல் குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. அவருடைய மகளிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பொடிசு பதினாறு நாள் போன் செய்யவில்லை. நேற்றுச் செய்தாள். முக்கால் மணி நேரம் பேசினாள். எல்லாம் கேள்விதான். வீல் சேரில் உட்கார முடியாதவரை எப்படி எடை எடுப்பது, ஸ்ட்ரெச்சர் எல்லாம் ஒரே எடையா, டிரிப்ஸ் பாட்டிலைக் கழிக்க வேண்டுமா, எந்த நேரத்தில் எடுத்தால் சரி. தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். ஒவ்வொரு தடவை தெரியாது என்றபோதும் அந்தப் பக்கம் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஏன் பாட்டி இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்களுக்கு எழுதியதைப் பற்றியும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வருகிறாளாம். இரண்டு நாள் மூன்றாம் வார்டில் நின்று பார்க்க வேண்டுமாம். வீட்டில் தங்குவாளா, வேறு எங்காவது தங்குவாளா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவளுடைய கட்டிலில் விரிப்பை மாற்றிவைத்திருக்கிறேன்.

நீங்கள் தினமும் அவள் முகத்தைப் பார்க்கிறவர். என்மேல் கோபமாக இருக்கிறாளா இல்லையா என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தாலும் எனக்கு எழுத வேண்டாம் தம்பி. வந்து அவளே சொல்லட்டும்.

பொடிசின் பாட்டி